சரஸ்வதிக்கும் பொம்பிளைக்கும் ஒரே வெள்ளை

யாழ்ப்பாணத்துக் கடற்கரையோரக் குருநகரில் அப்போது இரண்டு மக்டலீன்கள் இருந்தார்கள். கோயில் பாட்டுக்குழுவில் உச்சக் குரலில் பாடுகிறவள் பாட்டு மக்டலீன். மற்றவள் பழசு மக்டலீன். அவளுக்கு வயது முப்பதுதான். பழசு என்று சனம் சொன்னது அவள் தேடித்தேடி வாங்கிவரும் உடுப்புகளை. அந்தப் பட்டத்தைக் கேட்டு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "பழசுதான். ஆனா என்ன வடிவெண்டு பாத்தனியோ?" என்று பாவாடையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவாள்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது எண்பத்துநான்காம் ஆண்டில். முந்தைய ஆண்டுக் கலவரத்தில் உடுத்த துணியோடு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களுக்கென்று யாரோ வெளிநாட்டு நல்ல மனிதர்கள் உடுப்பு மூட்டைகள் அனுப்பியிருந்தார்கள். பங்கு மண்டபத்தில் அவற்றை அவிழ்த்துப் பிரிக்கப் போன பெண்களில் மக்டலீனும் ஒருத்தி. மூட்டைக்குள்ளிருந்து வந்தவற்றில் பாதி பனிநாட்டுக் கோட்டுகளும் கம்பளிக் கையுறைகளும். யாழ்ப்பாணத்து வெயிலில் இதைப் போட்டால் அவிந்துபோவோம் என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்பாரில்லாமல் மூலையில் கிடந்த ஒரு பச்சைக் கோட்டை மட்டும், கேட்டு வாங்கிக்கொண்டு மக்டலீன் வீட்டுக்குப் போனாள். அடுத்த கிழமை அந்தக் கோட், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பையாகவும், விடியற்காலைக் கடலில் காதடைக்கிறது என்று முனகும் தகப்பன் சந்தியோகுவுக்குத் தொப்பியாகவும் மாறியிருந்தது. உள்ளே வைத்துத் தைத்திருந்த சிவப்புப் பட்டில் அவளுக்கே ஒரு மேற்சட்டை. "ஒரு கோட்டுக்குள்ளை இவ்வளவும் கிடந்ததோ!" என்று ஒழுங்கைச் சனம் வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து பழைய துணி எதைக் கண்டாலும் உள்ளே என்ன ஒளிந்து கிடக்கிறதோ என்று அவளுக்கு விரல் துடிக்கத் தொடங்கிவிடும்.

பிறகு அவள் கனிசியஸைக் கலியாணம் செய்தாள். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நாட்களில் எல்லோரையும்போல அவர்களும் வீட்டை விட்டோடி, சண்டை ஓய்ந்ததும் திரும்பிவந்து, கூரை போன வீட்டுக்குத் தென்னோலைக் கிடுகு போட்டுக் குடியிருந்தார்கள். கடற்படை மறித்ததால் ஆழக்கடலுக்குப் போக வழியில்லை. கனிசியஸ் கரையோரத்தில் வலை வீசிக் கிடைத்ததைக் கொண்டுவருவான். அரசின் பொருள்தடையால் கடைகளில் சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, புதுத்துணி கண்ணில் படுவதே அருமை. ஆனால் அந்த வறட்சிக் காலத்தில்தான் மக்டலீனுக்குச் சொர்க்க வாசல் ஒன்று திறந்தது. அது கஸ்தூரியார் வீதியில் இருந்த ஆழ்வாப்பிள்ளையின் கடை.

ஆழ்வாப்பிள்ளை பரம்பரையாகப் புடவை வியாபாரம் செய்தவர். புதுச் சரக்கு வருவது நின்றதும் கடையைப் பூட்டிவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கனடாவுக்கும் கொழும்புக்கும் போகிற குடும்பங்கள் விட்டுப்போன அலுமாரிகளையும் றங்குப்பெட்டிகளையும் தேடிப்போய், உள்ளே இருந்த உடுப்புகளை மொத்தமாக வாங்கிவந்தார். சனிக்கிழமை காலையில் கடையின் நடுவில் பாயை விரித்து மூட்டைகளை அதன்மேல் கொட்டுவார். கொட்டியதும் பூச்சியுருண்டை மணம் தெருவரைக்கும் வீசும். பெண்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்வார்கள்.

மக்டலீனுக்கு அதில் ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் மேலே தெரிகிற பூப்போட்ட சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் முழங்கால் குத்தி உட்கார்ந்து, தோள்வரைக்கும் கையைக் குவியலின் அடியில் விட்டுவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்ப்பாள். இது பருத்தி, இது நைலோன், இது யாரோ பாட்டாவின் பிளனல் சேட், இது யன்னல் சீலை… ஏதாவது ஒன்றில் விரல் நின்றுவிடும். அப்போது கண்ணைத் திறக்காமலே அதை இழுப்பாள்.

"உடுப்பு வாங்கப் போறாளோ மீன் பிடிக்கப் போறாளோ தெரியேல்லை," என்று கனிசியஸ் சிரிப்பான். ஆனால் மறித்ததில்லை. வலை கனத்துவரும்போது கையில் என்ன ஏறும் என்று அவனுக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம் கனிசியஸின் தங்கை பெர்னடெட்டுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. தாய் தகப்பன் இல்லாத பெர்னடெட் மக்டலீனின் கையில் வளர்ந்த மாதிரித்தான். மாப்பிள்ளை சிமியோன், அடுத்த ஒழுங்கையில் வீடு. பனைபோல உயரம், வாய் திறந்து நாலு சொல் கதைத்தால் அன்று மழை வரும். அவனுக்கும் சேர்த்துக் கதைக்கத் தாய் லூர்த்தம்மா இருந்தாள்.

நாள் குறிக்க வந்த லூர்த்தம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, மக்டலீனின் பாவாடையை மேலும் கீழும் பார்த்தாள்.

"பிள்ளை, ஒண்டு சொல்லிப்போட்டன் எண்டு கோவிக்காதை. நீ என்னத்தையும் உடு. ஆனா எங்கடை வீட்டுக்கு வாற பொம்பிளை, ஆரோ போட்டுக் கழிச்சதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள்ளை வரக்கூடாது. செத்தவையின்ரையோ இருக்கிறவையின்ரையோ ஆருக்குத் தெரியும்?"

"ஓம் மாமி," என்றாள் மக்டலீன்.

லூர்த்தம்மா போனதும் பெர்னடெட் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மச்சாள், எனக்கு வெள்ளைச் சீலை ஒண்டு காணும். கடன்வாங்கியாவது உடுக்கலாம்."

"உனக்கு உண்மையா என்ன விருப்பம்? அதைச் சொல்லு."

பெர்னடெட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீளச் சட்டை. கைக்கு ரேந்தை வைச்சது. பின்னாலை கொஞ்சம் இழுபடோணும்." சொல்லிவிட்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். "சும்மா சொன்னனான். உதெல்லாம் இப்ப எங்கை கிடக்குது?"

எங்கே கிடக்கும் என்று மக்டலீனுக்குத் தெரியாதா? அந்தச் சனிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை கடைக் கதவைத் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக அவள் நின்றாள்.

"இண்டைக்கு நல்ல பெட்டி வந்திருக்குது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பிரதான வீதிப் பக்கம் ஒரு பெரிய வீடு. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஆக்கள். மேல்மாடியிலை பூட்டுத் திறக்கேலாமல் கிடந்த பெட்டி. நானும் இன்னும் பாக்கேல்லை."

இரண்டு பேர் சேர்ந்து பூட்டை உடைத்துப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். துணி மலையாகச் சரிந்தது. பெண்கள் நாலாபக்கமும் விழுந்தார்கள். மக்டலீன் வழக்கம்போல் கையை அடியில் விட்டாள். பருத்தி, பருத்தி, மேசைவிரிப்பு, ஏதோ கம்பளி. இன்னும் உள்ளே. தோள் அமிழ்ந்தது. திடீரென்று விரல் நுனியில் குளிர்ச்சியாக ஏதோ வழுக்கியது, தண்ணீருக்குள் விரால் உரசிப்போவது போல. சாட்டின்! நல்ல பாரமான சாட்டின். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாள்.

அது திரும்பி இழுத்தது.

மக்டலீன் கண்ணைத் திறந்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். அந்தப் பக்கமும் பலமாக இழுபட்டது. குவியல் நடுவில் பிளந்து, வெள்ளைத் துணி கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் மறுமுனையை, மூக்குக்கண்ணாடி போட்ட, திருநீறு பூசிய ஒரு பெண் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்கோ அக்கா, நான் முதல் பிடிச்சிட்டன்," என்றாள் மூக்குக்கண்ணாடி.

"நான் அடியிலையிருந்து பிடிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் விடுங்கோ."

"ஐயோ, இது சரஸ்வதிக்கு!"

"ஆரந்தச் சரஸ்வதி? அவவும் இஞ்சை வரட்டும், கதைப்பம்!"

கடை முழுவதும் கொல்லென்று சிரித்தது. மூக்குக்கண்ணாடிக்காரியும் சிரித்தாள், ஆனால் பிடியை விடவில்லை. அவள் பெயர் பத்மாசினி. இணுவில் பக்கம் சின்னப் பள்ளிக்கூடமொன்றில் ரீச்சர். புரட்டாதியில் பள்ளிக்கூட வாணிவிழா. சரஸ்வதியாக மேடையேறும் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு வேண்டும். ஊரில் இருக்கிற வெள்ளையெல்லாம் சவுக்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியில் தோய்த்துத் தோய்த்துப் பழுப்பாகிவிட்டது. இதையெல்லாம் அவள் துணியை இழுத்துப் பிடித்தபடியே சொன்னாள்.

"எனக்குப் பொம்பிளைக்கு," என்றாள் மக்டலீன். "வாற மாதம் கலியாணம்."

ஆழ்வாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார். "பிள்ளையள், உந்த இழுவையிலை கிழிஞ்சுதெண்டா இரண்டு பேருக்கும் மூக்குத் துடைக்க லேஞ்சிதான் மிஞ்சும். முதல் அது என்னெண்டு விரிச்சுப் பாப்பம்."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து விரித்தார்கள். சுற்றி நின்றவர்கள் தாங்களாகவே பின்னால் நகர்ந்து இடம் விட்டார்கள். அது ஒரு கலியாணச் சட்டை. கழுத்துவரை ஏறி மூடிய மார்பு, மணிக்கட்டுவரை வலைப்பின்னலாக ரேந்தை வைத்த கை, இடுப்பிலிருந்து விரிந்து விழும் பாவாடை. அதோடு முடியவில்லை. பின்னால் ஒரு நீண்ட வால் புறப்பட்டு, பாயைத் தாண்டி, வாசற்படியையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. காலம்போய்ச் சந்தனக் கட்டை நிறமாக மங்கியிருந்தது. இடுப்பருகில் துருக்கறை ஒன்று.

"மாதாவே!" என்றாள் மக்டலீன், மூச்சு விடாமல்.

"உந்த வால் மட்டுமே ஒரு சீலைக்குக் காணும் போலை," என்றாள் பத்மாசினி.

சொன்னதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் அதே யோசனை பிடிபட்டது.

"கொஞ்சம் இழுபட்டாக் காணும் எண்டுதான் பெர்னடெட்டும் சொன்னவள்," என்றாள் மக்டலீன். "மிச்சம் சரஸ்வதிக்கு!"

பக்கத்துத் தையல்கடையில் கத்தரிக்கோல் வாங்கி வந்தார்கள். ஆனால் ஆழ்வாப்பிள்ளை அதை மக்டலீனின் கையில் கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையைத் தோளிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, துணியின் ஓரத்தில் விரலால் அளந்து ஒரே ஒரு வெட்டு வெட்டினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று கிழித்தார். புடவைக்கடையில் புதுச் சீட்டித் துணி கிழிக்கும் அதே சத்தம். நூல் பிசகாமல் நேராக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. கடையே கைதட்டியது. கிழவருக்கு வாயெல்லாம் பல்.

துணியைப் பங்கிட்டாயிற்று. வெளுப்பது எப்படி? குருநகர்க் கிணற்று உவர்த்தண்ணீரில் சவுக்காரம் இருந்தாலும் நுரைக்காது. மக்டலீன் கவலையோடு கறையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பத்மாசினி கண்டாள்.

"என்னட்டை ஒரு பாதிச் சன்லைற் இருக்குது. ஒளிச்சு வைச்சனான். எங்கடை கிணறு நல்ல தண்ணிக் கிணறு. சரஸ்வதியும் பொம்பிளையும் ஒரே வாளியிலை தோயட்டுமன்!"

அடுத்த நாள் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் மக்டலீனும் பெர்னடெட்டும் சைக்கிளில் இணுவிலுக்குப் போனார்கள். பெர்னடெட் வழி முழுவதும் பின் கரியரில் இருந்து மடியிலிருந்த பார்சலை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். பத்மாசினியின் வளவில் வாழையும் புகையிலையும் நின்றன. மண் குங்குமம்போலச் சிவப்பு. துருக்கறையில் தேசிக்காய்ப்புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் காயவிட்டு, அரைக்கட்டிச் சவுக்காரத்தைச் சுரண்டிக் கரைத்து, மூன்று பெண்களும் மாறி மாறிக் கும்மினார்கள். மூன்றாம் தண்ணியில் மங்கல் விட்டது. நாலாம் தண்ணியில் கறை இருந்த இடம் தெரியவில்லை. கிணற்றடியில் இரண்டு தென்னைகளுக்கிடையே கொடி கட்டி விரித்தபோது, சட்டையும் வாலும் காற்றில் பாய்மரம்போல உப்பி எழுந்தன. அந்தச் செம்மண் வளவே வெளிச்சமாகிவிட்டது.

அப்போதுதான் வடக்கே குண்டுபோடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டது.

"வெள்ளையை எடுங்கோ! மேலையிருந்து பாத்தாப் பளிச்செண்டு தெரியும்!" என்று வேலிக்கப்பால் யாரோ கத்தினார்கள்.

மற்ற நேரமென்றால் முதலில் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குத்தான் ஓடுவார்கள். இப்போது மூன்று பேரும் கொடிக்கு ஓடினார்கள். ஈரச் சாட்டின் பாறாங்கல் பாரம். மக்டலீன் மார்புப் பக்கத்தைச் சுருட்டினாள், பெர்னடெட் பாவாடையை அள்ளினாள், பத்மாசினி சரஸ்வதியைத் தோளில் போட்டுக்கொண்டாள். பங்கருக்குள் குதித்த பிறகுதான் சுற்றிலும் செம்மண் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு பொட்டு ஒட்டினாலும் தொலைந்தது.

"தூக்கிப் பிடி! தூக்கிப் பிடி!"

குனிந்து ஒடுங்க வேண்டிய இடத்தில் மூன்று பெண்களும் கையை உயர்த்தி, வெள்ளையைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஈரம் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழுந்தது. விமானம் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. மக்டலீன் மாதா மன்றாட்டைச் சொன்னாள். பத்மாசினி பிள்ளையாரையும் கந்தசுவாமியையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். தூரத்தில் எங்கோ அது போய் மறைந்து சத்தம் அடங்கியது.

"மச்சாள், கை விறைக்குது," என்றாள் பெர்னடெட்.

"விட்டியோ, கொல்லுவன்!" என்றாள் மக்டலீன். பத்மாசினிக்குச் சிரிப்பு வெடித்தது. மூன்று பேரும் அழுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே, ஒரு பொட்டு மண் படாமல் வெள்ளையை வெளியே கொண்டுவந்தார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் மக்டலீனின் வீட்டில் கைத்தையல் மெஷின் கடகடத்தது. கழுத்தை இறக்கினாள், இடுப்பை ஒடுக்கினாள், வாலை ஒரு முழம் மட்டும் இழுபட விட்டு ஓரம் மடித்தாள். கைக்குப் போக மிஞ்சிய ரேந்தையில் தலைக்கு முக்காடு. பெர்னடெட் போட்டுப் பார்த்த அன்று கனிசியஸ் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். கண்ணைத் துடைக்கப் போனான் என்று இருவருக்கும் தெரியும்.

ஆனால் லூர்த்தம்மாவுக்கு என்ன சொல்வது? மக்டலீன் தைத்த ஓரத்தையே பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல மனமில்லை. மெய்யைச் சொன்னால் கலியாணம் நிற்குமோ என்ற பயம்.

இந்தக் குழப்பத்தோடுதான் அடுத்த சனிக்கிழமையும் ஆழ்வாப்பிள்ளையின் கடைக்குப் போனாள். பொம்பிளையோடு நடந்துவரும் பிள்ளைத்தோழிக்கு ஒரு சட்டை பார்க்க வேண்டும். உள்ளே பெண்கள் வழக்கம்போல் நடுக்குவியலில் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களின் உடுப்பு குவிந்து கிடந்த மூலையில் மட்டும், சேலைத் தலைப்பால் முகத்தைப் போர்த்துக்கொண்டு ஒருத்தி தனியாகக் கிளறிக்கொண்டிருந்தாள். கால்நீளக் களிசான்களைத் தூக்கி எறிவதும், கோட் ஒன்றைப் பிடித்து மணந்து பார்ப்பதும், "சீ" என்பதும், மறுபடி கிளறுவதுமாக இருந்தாள். அந்தச் "சீ"யை மக்டலீன் எங்கோ கேட்டிருக்கிறாள்.

தலைப்பு நழுவியது. லூர்த்தம்மா!

இருவரும் அப்படியே நின்றார்கள். லூர்த்தம்மாவின் கையில் ஒரு கோட்டின் கை தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்… உந்த ஆழ்வாப்பிள்ளையரோடை ஒரு அலுவல் கதைக்க வந்தனான்," என்றாள் லூர்த்தம்மா.

மக்டலீனின் வாய் நுனிவரைக்கும் எத்தனையோ சொற்கள் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்; பக்கத்தில் முழங்கால் குத்தி உட்கார்ந்தாள்.

"ஓம் மாமி. சிமியோனுக்கு என்ன அளவு?"

லூர்த்தம்மா கோட்டின் கையைக் கீழே விட்டாள். பிறகு தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள். "தோள் நல்ல அகலம், பிள்ளை. கையும் நீளம். கொழும்பிலையிருந்து துணி கொண்டுவாறன் எண்டவன் வழியிலை பறிகுடுத்திட்டு வந்து நிக்கிறான். இன்னும் இரண்டு கிழமை கூட இல்லை. நான் என்ன செய்ய?"

"கறுப்போ, நீலமோ?"

"கறுப்பெண்டா நல்லாயிருக்கும்."

"கண்ணாலை தேடாதேங்கோ மாமி. கையை அடியிலை விடுங்கோ. கறுப்புக் கோட்டுத் துணி கொஞ்சம் சொரசொரக்கும், ஆனா பாரமாயிருக்கும். அப்பிடி விடுங்கோ… இன்னும் உள்ளை."

லூர்த்தம்மா கையை விட்டாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு முழங்கைவரை, பிறகு தோள்வரை. மக்டலீன் மறுபக்கத்தால் துளைத்தாள். சேட், சாரம், பள்ளிக்கூடக் காற்சட்டை, யாரோ பரியாரியின் வெள்ளைச் சால்வை. ஒரு கறுப்புக் களிசான் அகப்பட்டது, நீளம் சரி. கோட்டைக் காணோம். "களிசான் கிடந்தா மேலும் கிடக்கோணும்!" என்று மக்டலீன் குவியலைப் புரட்டிப்போட்டாள். லூர்த்தம்மாவுக்கு நெற்றியில் வியர்வை; கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதைக் கட்டக்கூட நேரமில்லை.

"எட பிள்ளை! இஞ்சை ஏதோ சொரசொரக்குது!" என்று அவள் கத்திய கத்தலில் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இழுத்தால் ஒரு யன்னல் சீலை வந்தது. அந்தச் சீலைக்குள் சுருண்டு, பூச்சியுருண்டை இரண்டு உருண்டு விழ, கறுப்புக் கோட் ஒன்று வந்தது. தோளைப் பிடித்து விரித்தாள். அகலம் காணும். முன்னால் பூட்டும் தெறிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. லூர்த்தம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள். பிறகு சுற்றியிருந்தவர்களைக் கண்டு குதிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"பொம்பிளையின்ரை சட்டையும் உங்கைதானோ எடுத்தது?"

மக்டலீன் நின்றாள். "ஓம் மாமி."

"எப்பிடி? நல்லதோ?"

"வந்து பாருங்கோவன்."

லூர்த்தம்மா வந்து பார்த்தாள். கட்டிலில் விரித்திருந்த சட்டையைத் தொடுவதற்கு முன் கையை இரண்டு தரம் சேலையில் துடைத்தாள். "செத்தவையின்ரையெண்டு சொன்னனான் எல்லே," என்றாள் கடைசியில். "இதைப் போட்டவள் எங்கையோ பேரப்பிள்ளையளோடை சந்தோசமா இருக்கிறாள். பாத்தாலே தெரியுது."

யாகப்பர் கோயிலில் கலியாணம் நடந்தது. கரண்ட் இல்லாத காலம். ஆர்மோனியத்தோடு பாட்டு மக்டலீன் குரலெடுத்தாள். கனிசியஸின் கையைப் பிடித்துக்கொண்டு பெர்னடெட் நடுப்பாதையில் வந்தபோது, சாட்டின் வெளிச்சத்தை வாங்கி வாங்கி விட்டது. பின்னால் ஒரு முழம் இழுபட்டது. சனம் எழுந்து நின்றது. முன்னே நின்ற சிமியோன் கறுப்புக் கோட்டில் சிலைபோல விறைத்து நின்றான். பெர்னடெட் கிட்ட வந்ததும் எல்லோருக்கும் கேட்க, "நல்ல வடிவாயிருக்கிறீர்," என்றான். அவன் வாயிலிருந்து முழுசாக ஒரு வசனம் வந்ததே பெரிய புதினமாகிவிட்டது. கடைசி வாங்கில் உட்கார்ந்து பத்மாசினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். "எங்கையப்பா எடுத்தது? கொழும்போ, இந்தியாவோ? ஆரும் வெளியிலையிருந்து அனுப்பினவையோ?"

மக்டலீன் லூர்த்தம்மாவைப் பார்த்தாள். என்ன சொல்லச் சொல்கிறாளோ?

லூர்த்தம்மா கோயில் வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு, மீன்சந்தையில் பாரைக்குட்டி ஏலம் கூறுகிற குரலில் சொன்னாள்: "எங்கடை மக்டலீன் எடுத்தது! ஆழ்வாப்பிள்ளையரின்ரை கடையிலை. மாப்பிள்ளையின்ரை கோட்டை நானே எடுத்தனான். கையை அடியிலை விடோணும், விளங்குதோ? மேலை கிடக்கிறதைப் பாத்து ஏமாறக்கூடாது!"

அதன் பிறகு வந்த சனிக்கிழமை, குருநகரின் பாதிப் பெண்கள் கஸ்தூரியார் வீதியில் நின்றார்கள். மக்டலீனுக்கு உள்ளே நுழையவே இடமில்லை. கொஞ்ச நேரம் வயிறெரிந்தது. பிறகு அவளும் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வாணிவிழாவுக்கு லூர்த்தம்மாவையும் கூட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போயிருந்தாள். வெள்ளைச் சாட்டின் உடுத்த சரஸ்வதி, காகிதத் தாமரையில் அமர்ந்து வீணையை ஏந்தினாள். திரை விலகியதும் சனம் கும்பிட்டது. இரண்டு கத்தோலிக்கப் பெண்களும் அந்தத் துணியைப் பார்த்துக் கண்ணால் கதைத்துச் சிரித்துக்கொண்டார்கள். அவல் கடலையை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை கொஞ்சம் ஓய்ந்தது. லொறிகள் வந்தன. கடைகளில் புதுத்துணி தொங்கத் தொடங்கியது. பெர்னடெட்டின் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதற்குச் சட்டை வாங்க மக்டலீனும் லூர்த்தம்மாவும் பெர்னடெட்டும் பட்டணத்துப் பெரிய கடைக்குப் போனார்கள். நின்ற பெடியன், "என்ன நிறம்? என்ன அளவு?" என்று கேட்டான். தட்டிலிருந்து உருவிக் கொடுத்தான். கண்ணாடித்தாளில் சுற்றியிருந்தது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டார்கள்.

"உனக்கேன் முகம் இப்பிடிக் கிடக்குது?" என்றாள் லூர்த்தம்மா.

"தேடவே விடேல்லையே மாமி," என்றாள் மக்டலீன்.

லூர்த்தம்மா வெயிலை ஒருதரம் பார்த்தாள். "இண்டைக்குச் சனிக்கிழமையெல்லே?"

பிள்ளையைப் பெர்னடெட்டின் இடுப்பில் சரியாக ஏற்றிவைத்துவிட்டு மூவரும் கஸ்தூரியார் வீதிப் பக்கம் திரும்பினார்கள். ஆழ்வாப்பிள்ளையும் இப்போது ஒரு பக்கத்தில் புதுச் சீட்டி அடுக்கியிருந்தார். மறுபக்கத்தில் பாய் விரித்தபடி கிடந்தது. அதன் நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பத்மாசினி முழங்கால் குத்தி இருந்தாள். கையில் ஊதாப் பட்டில் ஒரு சட்டைக் கை, மிச்சத்தைக் காணோம்.

"மக்டலீன்! கெதியா வாருங்கோ!" என்று அவள் கூவினாள். "இதின்ரை உடம்பு உங்கினைக்கைதான் எங்கையோ கிடக்குது!"

மக்டலீனின் செருப்பு ஒன்று வாசலில் விழுந்தது, மற்றது தெருவில். அவள் கை அதற்குள் குவியலுக்கு அடியில் போய்விட்டது.